நீலகிரியில் புல்லும் சோலையும்

மரம், செடி, கொடிகளுக்கு வரலாறு உண்டா என்று கேட்டால் நம்மில் பலர் சற்றே தயங்குவர். அரசர் முடி சூடினார், படை நடத்தினார், மறைந்தார் என்று எழுதுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எனினும், ஒரு மலையின்மீது எவ்விடத்தில் மரம் நிற்பது, எவ்விடத்தில் புல் நிற்பது என்பது பல்லாயிரம் ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கு. அவ்வழக்கில் வென்றவரும் உண்டு, தோற்றவரும் உண்டு, இடையில் வந்து புகுந்தவரும் உண்டு. நமது நீலகிரி மலையில் நடந்த, இன்னும் முடிவுறாத அத்தகைய வழக்கொன்றை மாணவ நண்பர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு அப்பால் நீலகிரியின் மேட்டுநிலம் ஒரு விசித்திரமான தோற்றம் கொள்கிறது. அலையலையாகக் கிடக்கும் குன்றுகள் முழுவதும் புல். அக்குன்றுகளின் மடிப்புகளிலும் நீரோடைகளை ஒட்டிய பள்ளங்களிலும் மட்டும் அடர்ந்து கருத்த சிறு காடுகள். இவற்றையே சோலை என்கிறோம். ஆங்கில நூல்களும் நம் சொல்லையே எடுத்துக்கொண்டு ‘ஷோலா’ என வழங்குகின்றன. சோலைக்கும் புல்லுக்கும் இடையே வேலியிட்டாற்போன்று ஓர் எல்லை. பத்தடி இப்பால் வந்தால் மரம் ஒன்றும் இல்லை. பத்தடி அப்பால் சென்றால் சூரியனே தெரிவதில்லை. ஒரே மழை, ஒரே மலை. அவ்வாறிருக்க, இத்தகைய பாகுபாட்டைச் செய்தவர் யார்?

இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக நிற்கவில்லை. கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் மலையேறி வந்த பின்னர் உதகமண்டலம் நகரமாக வளரத் தொடங்கிற்று. வந்து குடியேறியவர்களுக்குக் குளிர்காய விறகு வேண்டியிருந்தது. அருகிலிருந்த சோலைகள் வெட்டுண்டு குறைந்தன. சோலை மரங்களோ மிக மெதுவாக வளர்பவை. ஆகவே விரைந்து வளரும் மரங்களைத் தேடினர். ஆஸ்திரேலியாவிலிருந்து நாம் கற்பூர மரம் என்றும் தைல மரம் என்றும் சொல்லும் யூகலிப்டஸ் 1843-இல் இங்கே வந்தது. அதே நூற்றாண்டில் அதே கண்டத்திலிருந்து சீகை என்று மலைமக்கள் குறிப்பிடும் வாட்டில் மரங்களும் வந்தன. இவற்றை நடுவதற்கு ‘வெறுமையாகக் கிடக்கும்’ புல்வெளியே தக்க இடமெனத் தோன்றியது. வெறுமை என்ற அந்த ஒரு சொல்லே பின்னர் நிகழ்ந்த பலவற்றிற்கும் வித்தாயிற்று என்பது என் கருத்து.

தோடர் கண்ணுக்கு அது வெறுமையாகத் தோன்றியதில்லை. எருமைகளை மேய்க்கவும், தங்கள் கோயில்களுக்குக் கூரை வேயவும் அவர்கள் நாடியது அப்புல்வெளியையும் அதன் சதுப்புகளையுமே. வரையாடு மேய்வதும் குறிஞ்சி மலர்வதும் அங்கேதான். ஆனால், நில வருவாய்க் கணக்கில் இவை எவையும் ஏறவில்லை.

புல்வெளியின் பிறப்பைப் பற்றிய விவாதம் 1938-இல் அறிஞர் நடுவே வெளிப்பட்டது. வன அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் இக்கேள்வியை ஆராய்ந்து, உறைபனியே இதற்குக் காரணம் என்று எழுதினார். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமற்ற இரவுகளில் திறந்த நிலம் தன் வெப்பத்தை விண்ணிற்கு விட்டுக் குளிர்ந்துவிடுகிறது; விடியலில் புல் நுனியெல்லாம் வெண்பனி உறைந்து நிற்கிறது. சோலைக்குள்ளோ மரங்களின் கவிகை போர்வையைப்போல் வெப்பத்தைக் காக்கிறது. எனவே, சோலை விதை வெளியே விழுந்து முளைத்தாலும் அக்கன்று ஒரு குளிர்காலத்தைத் தாண்டுவது அரிது. புல்லோ தன் உயிர்மொட்டை மண்ணோடு மண்ணாக வைத்துக்கொண்டு, மேலே கருகினும் மீண்டும் தழைக்கிறது. ஆகையால் சோலையும் இயற்கை, புல்லும் இயற்கை, இரண்டும் தத்தம் நிலையில் முதிர்ந்தவையே என்பது அவர் கொள்கை.

அவ்வாண்டிலேயே தாவர அறிஞர் என். எல். போர் இதற்கு மாறாக எழுதினார். (அவர் பெயர் தமிழில் இவ்வாறு அமைந்தது தற்செயலே!) தீயும் மேய்ச்சலும்தாம் சோலையை அழித்துப் புல்லை உண்டாக்கின, மனிதன் கையெடுத்தால் மரமே மலையெங்கும் பரவும் என்பது அவரது வாதத்தின் சாரம். செடிகளின் கூட்டம் படிப்படியாக வளர்ந்து, ஒரு நாட்டின் தட்பவெப்பத்திற்கு ஏற்ற ஒரே முடிவான காட்டில் சென்று நிற்கும் என்ற கொள்கை அக்காலத்துத் தாவர சாஸ்திரத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. போர் அவர்களின் வாதம் அக்கொள்கையோடு இசைந்தது. புல்வெளி ஒரு சிதைந்த காடு என்று கொண்டுவிட்டால், அங்கே மரம் நடுவது புண்ணுக்கு மருந்திடுவது போலாகும் அல்லவா? இருவரும் கண்டது ஒரே மலையைத்தான். ஆனால் அன்றைய மலையை மட்டுமே அவர்களால் காண முடிந்தது. பண்டைய மலையைக் காட்டும் சாட்சி அப்போது கிட்டவில்லை.

அச்சாட்சி புல்வெளியின் பள்ளங்களிலேயே கிடந்தது. நீர் தேங்கும் தாழ்ந்த இடங்களில் செத்த புல்லும் இலையும் முழுதும் மக்காமல், கருஞ்சேறாக அடுக்கடுக்காகப் படிகின்றன. இதனை ஆங்கிலத்தில் பீட் என்பர். அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. உதகைக்கு அண்மையிலுள்ள சாண்டிநல்லா பள்ளத்தாக்கில் இத்தகைய படிவு ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் பழமை உடையது என்று கதிரியக்கக் கார்பனைக் கொண்டு கணித்திருக்கின்றனர்.

மக்கிப்போன சேற்றில் புல் எது, மர இலை எது என்று கண்டறிவது எங்ஙனம்? இங்கே விஞ்ஞானத்தின் நுட்பம் ஒன்றைச் சற்று நின்று நோக்குவோம். காற்றிலுள்ள கரியமில வாயுவில் இரு வகைக் கார்பன் உண்டு. ஒன்று இலேசானது, மற்றது சிறிதளவே கனமானது. மரங்களும் பெரும்பாலான செடிகளும் இலேசான கார்பனையே மிகுதியாக விரும்பி ஏற்கின்றன. வெப்பநாட்டுப் புற்கள் பலவோ வேறொரு முறையில் உணவு சமைப்பதால், கனமான கார்பனையும் அவ்வளவாக ஒதுக்குவதில்லை. இவ்விரு கூட்டத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு ஆயிரத்தில் பதினான்கு பங்கு அளவே. ஆயினும், செடி மடிந்து மக்கிச் சேறான பின்னும் அவ்வேறுபாடு அழிவதில்லை. உடல் போனாலும் கையெழுத்துப் போகவில்லை என்று சொல்லலாம். வறட்சியையும், காற்றில் கரியமில வாயு குறைந்திருப்பதையும் இவ்வகைப் புற்கள் நன்கு தாங்குபவை. ஆதலால் அக்கையெழுத்து, தாவரத்தை மட்டுமன்றி அக்காலத்து வானிலையையும் உரைக்கிறது.

பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். சுகுமார், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆர். ரமேஷ் ஆகியோரும் அவர்தம் உடனுழைப்பாளரும் நீலகிரியின் கருஞ்சேற்றை இவ்வாறு படித்து, 1993-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், வடபுலம் பனிப்பாறைகளால் மூடுண்டிருந்த காலத்தில், நமது பருவமழை நலிந்திருந்தது. நீலகிரியில் புல்லின் ஆட்சி ஓங்கியிருந்தது. பனியுகம் முடிந்து, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் மழை பெருகியபோது எதிர்க்கூட்டத்தார் கை உயர்ந்தது. பின்னர், 5,000 ஆண்டுகளை ஒட்டி வறட்சி தலைகாட்டவே, புல் மீண்டும் பரவிற்று. சேற்றில் பொதிந்த மகரந்தத் தூளை ஆராய்ந்த வேறு அறிஞர்களும் மலையில் புல் மிகப் பழமையானது என்றே கண்டனர்.

இப்போது 1938-ஆம் ஆண்டு விவாதத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள். மலைமேல் கிடைக்கும் கல்வட்டங்களும் தாழிகளும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை. புல்லோ அதற்கும் பல்லாயிரம் ஆண்டு முந்தியது. தீயும் மேய்ச்சலும் எல்லைக்கோட்டை அங்குமிங்கும் நகர்த்தியிருக்கலாம். ஆனால் புல்வெளியைப் படைத்தவை அவையல்ல. புல்லிடையே தனித்து நிற்கும் காட்டுப் பூவரசு எனப்படும் ரோடோடெண்டிரான் மரமும் இங்கே நினைக்கத்தக்கது. அதன் நெருங்கிய உறவினர் இருப்பது நெடுந்தொலைவில், இமயமலையில்.

அறிஞர் கண்டது தாமதமாக வந்தது; மரம் நடுவோர் அதுவரை காத்திருக்கவில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னரும், தோல் பதனிடப் பட்டைக்கெனச் சீகையும், செயற்கைப் பட்டு இழைக்கான கூழுக்கெனக் கற்பூர மரமும் மலைகளில் பெரும்பரப்பில் நடப்பட்டன. அதன் விளைவு நீரில் தெரிந்தது. கிளென்மார்கனில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் பாதிக்குச் சற்று மேற்பட்ட நிலத்தில் கற்பூர மரம் நட்டு அளந்ததில், முதற் பத்தாண்டுச் சுற்றிலேயே ஓடைநீர் ஆண்டுக்குச் சராசரி 16 விழுக்காடு குறைந்தது. பழனி மலையிலோ 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரு பங்கு மறைந்தது என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. பனியுகத்தின் முடிவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்ததற்கு நிகரான மாற்றம், ஒரு மனிதன் இளமையிலிருந்து முதுமை எய்தும் காலத்திற்குள் நிகழ்ந்திருக்கிறது.

உறைபனியைப் பற்றிய ரங்கநாதனின் கருத்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் மீண்டும் சோதிக்கப்பட்டது. சோலைக் கன்றுகளைத் திறந்த புல்வெளியில் நட்டபோது பனி அவற்றை மாய்த்தது. சீகைக் கன்றுகளோ அதே பனியைத் தாங்கி நின்றன. அது குளிர்ந்த நாட்டிலிருந்து வந்த மரம். புல்லின் பழைய காவலன் அதனைத் தடுக்கவில்லை. உலகம் வெப்பமுற்று உறைபனி இரவுகள் குறையுமானால், அக்காவலும் தளர்ந்துவிடும்.

சீகையை வெட்டி அகற்றலாமே என்று கேட்பீர்கள். முக்கூர்த்திப் பகுதியில் அகற்றியும் வருகின்றனர். ஆனால் இங்கும் கருத்து ஒன்றாயில்லை. பழனி மலையின் பழைய தோட்டங்கள் சிலவற்றில், அந்நிய மரங்களின் நிழலே பனிக்குப் போர்வையாகி, அதன் கீழே சோலைக் கன்றுகள் முளைத்து வளர்கின்றன. அங்கே வெட்டினால் அக்கன்றுகளும் போகும். வெட்டாவிடில் புல்வெளி திரும்பாது. வெட்டிய இடங்களிலோ வேறொரு தொல்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கவல்லது. மரம் போய் வெயில் பட்டதும் அது முளைத்தெழுகிறது. ஆகவே, வெட்டியவர்கள் ஆண்டுதோறும் அதே சரிவுக்குத் திரும்பி வந்து நாற்றுகளைக் கையால் பிடுங்குகின்றனர். பிடுங்கிய இடத்தில், அண்டையில் எஞ்சியிருக்கும் புல்வெளியிலிருந்து கொணர்ந்த புல்லை நடுகின்றனர்.