செல்போன் பேட்டரி சீக்கிரம் படுத்து விடுகிறதா? ராத்திரி சார்ஜை விட வெயில்தான் பெரிய வில்லன்!

திருவாரூர்:-

வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது, மத்தியானத்துக்கே சார்ஜ் இறங்கி விடுகிறது என்ற புலம்பல் திருவாரூர் மாவட்டத்தில் எந்த டீக்கடையிலும் கேட்கிறது. கியாஸ் சிலிண்டருக்கு ஓ.டி.பி., மளிகைக்கடையில் ஸ்கேன் பண்ணி பணம், கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு பேங்கில் காசு ஏறிய எஸ்.எம்.எஸ். என்று எல்லாமே செல்போனுக்குள் வந்து விட்டது. அது அணைந்தால் பாதி வேலை நின்று போகிறது. பேட்டரி படுத்தால் கம்பெனியை திட்டுகிறோம். நாம் சார்ஜ் போடுகிற பழக்கமும், போனை வைக்கிற இடமும் அதில் பாதி காரணம்.

8 மணி நேர பத்தியம்

புது போன் வாங்கினால் முதல் நாள் 8 மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், அப்புறம் சுத்தமாக இறங்கிய பிறகுதான் மறுபடி போட வேண்டும் என்று இன்றைக்கும் பல பேர் சொல்கிறார்கள். இது பழைய நிக்கல் பேட்டரி காலத்து பத்தியம். அந்த பேட்டரிகளை பாதியில் சார்ஜ் போட்டால் அந்த பாதியையே பழக்கமாக்கிக் கொள்ளும் என்ற பேச்சு அப்போது இருந்தது.

இப்போது போன், டேப்லெட் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. 1991-ம் ஆண்டு சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்கு கொண்டு வந்தது. இதை உருவாக்க காரணமான குட்இனப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய 3 பேருக்கும் 2019-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த பேட்டரிக்கு 8 மணி நேர கணக்கு எதுவும் கிடையாது. சொல்லப்போனால் அடிக்கடி ஜீரோ வரை இறக்குவதுதான் இதற்கு கெடுதல்.

காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று போட்டால் கணக்கு ஏறி விடுமே என்று பயப்பட வேண்டாம். இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் போட்டால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு முழு சார்ஜ். 20-க்கும் 80-க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் பேட்டரி நிம்மதியாக இருக்கும். புதிதாக வரும் பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி செட்டிங்கிலேயே இருக்கிறது. தேடிப் பாருங்கள்.

ராத்திரி முழுக்க போடலாமா?

ராத்திரி சார்ஜ் போட்டு தூங்கினால் போன் வெடித்து விடும் என்பது வாட்ஸ்-அப்பில் சுற்றும் பயம். நல்ல போன், நல்ல சார்ஜர் என்றால் 100 சதவீதம் வந்ததும் தானாக நிறுத்திக்கொள்ளும். தினமும் விடிய விடிய 100-லேயே நிற்பதால் பேட்டரியின் ஆயுள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆபத்து எங்கே என்றால், தலையணைக்கு அடியிலும் போர்வைக்குள்ளும் வைத்து போடுவதில். சூடு வெளியே போக வழி இல்லை. பிள்ளைகள் சார்ஜில் போட்டபடியே கேம் விளையாடும்போதும் இதே சூடுதான்.

40 டிகிரியில் என்ன நடக்கிறது?

பேட்டரிக்கு எமன் சூடு. ஆப்பிள் நிறுவனமே, 35 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் ஐபோனை பயன்படுத்தினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாக குறையலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் நிழலிலேயே அந்த சூடு சாதாரணம்.

ஒரு கணக்கு பாருங்கள். லித்தியம் பேட்டரியை 40 சதவீத சார்ஜோடு 25 டிகிரியில் ஒரு வருஷம் சும்மா வைத்தால் அதன் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். 40 டிகிரியில் வைத்தால் 85. அதே 40 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் 65 சதவீதம்தான். ஒரு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு!

பைக் டேங்க் கவரில் போனை போட்டு வெயிலில் நிறுத்துவது, அறுவடை மெஷின் கண்ணாடி ஓரத்தில் வைத்து சார்ஜ் போடுவது, கொள்முதல் நிலையத்தில் நெல் குவியல் மேல் தார்ப்பாயில் வைத்து விட்டு காவல் காப்பது எல்லாம் இந்த கணக்கில்தான் சேரும். வெயிலில் இருந்து வந்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள். பத்து நிமிஷம் நிழலில் ஆறட்டும். சூட்டை பிடித்து வைக்கும் தடித்த ரப்பர் கவர் என்றால் சார்ஜ் போடும்போது கழற்றி விடுங்கள்.

டேப்லெட்டுக்கு வேறு பிரச்சினை. பரீட்சை முடிந்ததும் சார்ஜ் இறங்கியபடியே பீரோவுக்குள் போய் விடும். ஜூன் மாதம் எடுத்தால் உயிர் இருக்காது. பாதி சார்ஜ் ஏற்றி, ஆப் செய்து வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து பாருங்கள்.

கஜா புயலில் பட்ட பாடு

இந்த 80 சதவீத கணக்கை மறந்து விட வேண்டிய நாளும் உண்டு. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினம்-வேதாரண்யம் இடையே கரையை கடந்தது. முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி பக்கம் மின்கம்பங்கள் வரிசையாக சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் காசு கொடுத்து, வரிசையில் நின்று சார்ஜ் போட்டார்கள். வெளியூர் பிள்ளைகளுக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்று சொல்ல அதைத்தவிர வழி இல்லை.

புயல் எச்சரிக்கை வந்து விட்டால் போன், பவர் பேங்க் இரண்டையும் 100 சதவீதம் ஏற்றி விடுங்கள். டவர் போன பிறகு போன் சிக்னலை தேடித்தேடியே சார்ஜை தின்று விடும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, மணிக்கு ஒரு தடவை மட்டும் திறந்து பாருங்கள். பவர் பேங்கில் 10 ஆயிரம் என்று போட்டிருந்தாலும் போனுக்கு வந்து சேருவது 6 ஆயிரம், ஆறரை ஆயிரம் மில்லி ஆம்பியர்தான். இன்றைய 5 ஆயிரம் பேட்டரி போன் ஒரு தடவைதான் நிறையும்.

மழையில் நனைந்த போனை சார்ஜில் போடவே கூடாது. அரிசி டப்பாவுக்குள் புதைக்கும் வைத்தியமும் வேண்டாம். அரிசித் தூள் உள்ளே போய் கெடுக்கும் என்று 2024-ம் ஆண்டு ஆப்பிள் நிறுவனமே சொல்லி விட்டது. நெல் விளையும் ஊரில் இதை சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்!

உப்பினால் உஷார்

2007-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந்தேதி நோக்கியா நிறுவனம் பி.எல்.-5சி பேட்டரி பற்றி ஒரு எச்சரிக்கை விட்டது. ஜப்பானின் மட்சுஷிட்டா கம்பெனி 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் போடும்போது அளவுக்கு மீறி சூடாகலாம் என்று சொல்லி, இலவசமாக மாற்றிக் கொடுத்தது. உலகம் முழுவதும் சுமார் 100 பேட்டரிகள்தான் அப்படி சூடாகி இருந்தன. ஆனாலும் இந்தியா முழுவதும் பரபரப்பு. 2016-ல் சாம்சங் கேலக்சி நோட் 7 தீப்பிடித்த புகார்களால் அந்த போன் தயாரிப்பே நிறுத்தப்பட்டது.

பெரிய கம்பெனிக்கே இந்த கதி என்றால், பெயர் தெரியாத மலிவு பேட்டரி, சார்ஜரை யோசித்துத்தான் வாங்க வேண்டும். இந்தியாவில் விற்கும் செல்போன் பேட்டரி, சார்ஜர், பவர் பேங்க் எல்லாவற்றுக்கும் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். அந்த முத்திரையோடு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் 8 இலக்க எண்ணும் அச்சிட்டிருக்கும். கடையிலேயே திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

போனின் பின்பக்க மூடி தூக்கிக்கொண்டு வந்தால், டிஸ்பிளே ஓரம் விலகினால் பேட்டரி உப்பி விட்டது என்று அர்த்தம். அதன்பிறகு சார்ஜ் போடாதீர்கள். கையால் அமுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் வாயு. கடையில் கொடுத்து பேட்டரியை மாற்றுவது புது போனை விட எவ்வளவோ மலிவு. கழற்றிய பழைய பேட்டரியை குப்பைத்தொட்டியில் போட்டால் நசுங்கி தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்து விடலாம். 2022-ம் ஆண்டு வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளை திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பு கம்பெனிகளின் பொறுப்பு என்பது குறிப்பிடத்தக்கது.