மரக்காணத்தில் முடியும் கால்வாயும் ஒரு பஞ்ச காலத்துக் கூலியும்

போன வருஷம் மரக்காணம் உப்பளத்துப் பக்கம் போயிருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போறவங்க வண்டியை நிறுத்தி வெள்ளைக் குவியலைப் போட்டோ எடுப்பாங்களே, அதே இடம்தான். சீசன் நடுவில் கொட்டிய மழையில் பாத்தியில் விளைஞ்ச உப்பு கரைஞ்சு போச்சு. அங்கே வேலை செய்யும், எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பத்து நாளாகக் கூலி இல்லாமல் உட்கார்ந்திருந்தாங்க. "இப்ப என்னக்கா பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். "கர்த்தரு பாத்துக்குவாரு தம்பி"ன்னாங்க.

உள்ளுக்குள்ள எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். வீட்டில் அரிசி இருக்கான்னு கவலைப்படுறவனுக்கு இது ஒரு பதிலா? அந்த எரிச்சலோடு திரும்பும்போது கண்ணில் பட்டது பக்கிங்காம் கால்வாய். அதைப் பார்த்ததும் எப்பவோ படிச்ச ஒரு சங்கதி ஞாபகம் வந்தது.

ஆந்திராவில் காக்கிநாடா பக்கம் தொடங்கி, கடலை ஒட்டியே சென்னை வழியாக வரும் இந்தக் கால்வாயின் தெற்கு முனை நம்ம மரக்காணம். உப்பும் சவுக்கு விறகும் படகில் இதன் வழியாகத்தான் பட்டணத்துக்குப் போயின. இதன் சில பகுதிகள் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டப்பட்டவை. சென்னையில் கூவத்தையும் அடையாறையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் அப்படி வந்ததுதான். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான கணக்கு. நிவாரண வேலைக்கு ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு (450 கிராம்) தானியமும் ஓர் அணாவும் போதும்னு சொன்ன மகராசன் சர் ரிச்சர்ட் டெம்பிள். இது உயிர் வாழப் பத்தாதுன்னு மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார்.

நான் சொல்ல வந்தது இதே கால்வாயின் வடக்குப் பகுதியில், ஒங்கோல் பக்கம் நடந்தது. அங்கே ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார் இருந்தார். 1867 ஜனவரி 1-ல் வெறும் 8 பேரோடு சபை ஆரம்பிச்சவர். பஞ்சம் வந்ததும் மனுஷன் ஜெபம் மட்டும் பண்ணிக்கிட்டு உட்காரலை. கால்வாயில் 3, 3½ மைல் வெட்டும் குத்தகையை அரசிடம் வாங்கினார். (இளமையில் நில அளவை வேலை பார்த்தவர், மண் கணக்கு தெரியும்!) தன்னிடமிருந்த உபதேசியார்களையே மேஸ்திரி ஆக்கினார். கூலி ஒழுங்காகக் கிடைக்குதுன்னு பேச்சுப் பரவ, ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது. பெரும்பாலும் செருப்புத் தைக்கும் மாதிகர்கள், ஊரே ஒதுக்கி வைத்த மக்கள்.

வேலை ஓய்ந்த நேரத்தில் உபதேசியார்கள் உட்கார்ந்து பேசுவாங்க. திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே விஷயம்: பாரம் சுமந்து களைச்சவங்க என்கிட்ட வாங்க, இளைப்பாறலாம்னு இயேசு கூப்பிடுகிற அந்த இடம். யோசிச்சுப் பாருங்க, தலையில் மண்கூடை, வயிற்றில் பசி, வீட்டில் ரெண்டு சாவு... அவங்களுக்கு இது வேற யாருக்கோ எழுதின வசனமாவா பட்டிருக்கும்?

'சரிதான், அரிசிக் கிறிஸ்தவங்க'ன்னு நீங்க முணுமுணுப்பது கேட்குது. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனால் நிவாரணப் பணம் தன் கையில் இருந்த அந்த ஒரு வருஷத்துக்கும் மேலான காலத்தில், கேட்டு வந்தவங்களுக்கு கிளவ் ஞானஸ்நானமே கொடுக்கலை. சோத்துக்காக வந்தாங்கன்னு ஆகிடக் கூடாதுன்னுதான். இனி கொடுக்க ஒண்ணுமில்லை, போங்கன்னு சொன்ன பிறகும் ஜனம் போகலை. 1878 ஜூலை 3 அன்று, குண்டலகம்மா ஆற்றங்கரையில், ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இருந்தாலும் பசியையும் விசுவாசத்தையும் அப்படிச் சுத்தமாகப் பிரிச்சுவிட முடியுமான்னு எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. சாதிக் கொடுமையிலிருந்து ஒரு வாசல் திறந்ததும் அதில் சேர்த்திதானே.

நம்ம பக்கம் அதே பஞ்சத்தில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர், முன்சீபாக இருந்தவர், பின்னால் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டவர். பஞ்சத்தைத் தீர்க்கச் சொல்லிக் கடவுளிடம் முறையிட்டுக் கீர்த்தனை எழுதினார். அதே கையோடு சொந்தக் காசில் கஞ்சித்தொட்டியும் வைத்தார். அதைப் பார்த்து கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினாராம். பாடியவர் சைவர்!

அடுத்த தடவை மரக்காணம் போனபோது அந்த அக்காவிடம் கால்வாய்க் கதையை முழுசாகச் சொன்னேன். வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கிட்டு பொறுமையாகக் கேட்டாங்க. 2,222 பேர்னு சொன்னதுக்குப் பெரிசா ஆச்சரியப்படலை.

"அந்த ஐயரு கூலி சரியா குடுத்தாரா தம்பி?"

கொடுத்தார்க்கான்னேன். "அதான்"னு சொல்லிட்டு உப்பு வாரப் போயிட்டாங்க.