பன்னீர் திராட்சை (சமையல்)

இக்கட்டுரை பன்னீர் திராட்சையின் வீட்டுச் சமையற் பயன்களைப் பற்றியது.

பன்னீர் திராட்சை என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பெருமளவில் பயிரிடப்படும், விதையுள்ள, கருநீல நிறத் திராட்சை வகையாகும். இது பழமாக உண்ணப்படுவதுடன் சாறு, ஸ்குவாஷ், ஜாம், பச்சடி, கேக் போன்றவை செய்யவும் பயன்படுகின்றது. விதையும் தடித்த தோலும் இருப்பதால் விதையில்லாத் திராட்சையை விரும்புவோர் இதனைத் தவிர்ப்பதுண்டு. ஆனால் பழத்தின் நிறமும் மணத்தின் பெரும்பகுதியும் அத்தோலிலேயே உள்ளன. எனவே அடுப்பில் ஏற்றிச் செய்யும் பண்டங்களுக்கு இவ்வகை மிகவும் ஏற்றது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பெயரும் வகையும்

இவ்வகையின் தோட்டக்கலைப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க் என்பதாகும். இந்தியாவின் பிற பகுதிகளில் இது குலாபி எனப்படுகின்றது. பன்னீர், குலாபி ஆகிய இரு பெயர்களும் ரோஜாவின் மணத்தைக் குறிப்பனவே. இப்பெயர்ப் பொருத்தத்திற்கு வேதியியல் அடிப்படையும் உண்டு. மஸ்கட் இனத் திராட்சைகளின் மணத்திற்குக் காரணமான ஜெரானியால், நெரால் முதலிய சேர்மங்கள் ரோஜா எண்ணெயிலும் காணப்படுகின்றன.

ஸ்கியாவா கிரோசா, மஸ்கட் ஆஃப் அலெக்சாந்திரியா ஆகிய இரு வகைகளின் கலப்பில் மஸ்கட் ஹாம்பர்க் தோன்றியது. இது 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டதாகக் கருதப்படுகின்றது. புவிசார் குறியீடு தொடர்பான செய்திகளில், 1832 ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இத்திராட்சையைத் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவந்தார் எனக் கூறப்படுகின்றது. இவ்வாண்டு மஸ்கட் ஹாம்பர்க் தோன்றிய காலத்திற்கு முற்பட்டது. ஆகவே அதனை இப்பகுதிக்குத் திராட்சைப் பயிர் வந்த காலமாகக் கொள்வதே பொருத்தமானது.

விளையும் இடமும் பருவமும்

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு கிளைகளுக்கு இடையே அமைந்துள்ளது. மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் உள்ளன. 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இப்பள்ளத்தாக்கை வந்தடைகின்றது. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையான்பட்டி, ராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் திராட்சைத் தோட்டங்கள் உள்ளன. கல்தூண்களின் மேல் கம்பி வலை பின்னி, அதன்மீது கொடியைப் படரவிடும் பந்தல் முறையே இங்கு வழக்கம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் ஆனைமலையான்பட்டியில் அமைந்துள்ளது.

குளிர்நாடுகளில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். ஆப்பிளைப் போலவே அங்கு திராட்சையும் ஆண்டுக்கு ஒருமுறை இலையுதிர் காலத்தையொட்டி அறுவடையாகின்றது. அதனாலேயே அந்நாடுகளில் பழத்தை ஜாமாகவும் உலர்பழமாகவும் குளிர்காலத்திற்குச் சேமிக்கும் வழக்கம் வளர்ந்தது. கம்பத்தில் கொடிக்கு அத்தகைய உறக்கம் இல்லை. கவாத்து செய்யும்போதெல்லாம் புதிய தளிரும் பூங்கொத்தும் தோன்றுகின்றன. டிசம்பர்-ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல்-மே மாதங்களிலும், மே-ஜூனில் செய்தால் ஆகஸ்ட்-செப்டம்பர் மாதங்களிலும் அறுவடை கிடைக்கும். தோட்டத்திற்குத் தோட்டம் கவாத்துக் காலம் மாறுபடுவதால் ஆண்டு முழுவதும் எங்கேனும் பழம் கிடைக்கின்றது.

சமையலைத் தீர்மானிக்கும் இயல்புகள்

* நிறம்: ஆந்தோசயனின் எனும் நிறமிகள் தோலில் உள்ளன, சதைப்பகுதி ஏறக்குறைய நிறமற்றது. எனவே சூடாக்காமல் பிழிந்த சாறு வெளிறியும், தோலுடன் சூடாக்கிய சாறு அடர்சிவப்பாகவும் இருக்கும்.
* மணம்: மணச் சேர்மங்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதித்தால் பன்னீர் மணம் குறைந்துவிடும்.
* விதை: விதையில் துவர்ப்புத் தரும் டானின்கள் மிகுதி. மிக்சியில் இட்டு அரைத்தால் விதை உடைந்து சாறு கசக்கும்.
* அமிலம்: திராட்சையின் முதன்மை அமிலம் டார்டாரிக் அமிலம் ஆகும். இதன் காரணமாக அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்த்து எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தைப் பயன்படுத்த வேண்டும்.

பழத்தைத் தெரிவு செய்தல்

மாம்பழம், வாழைப்பழம் ஆகியவற்றைப் போலத் திராட்சை பறித்தபின் பழுப்பதில்லை. புளிப்பாக வாங்கிய குலை வீட்டில் இனிப்பதில்லை. ஆகவே வாங்கும்போதே ஒரு பழத்தைச் சுவைத்துப் பார்ப்பது நல்லது. பச்சை நிறம் மாறாத காம்பு, குலையை அசைத்தால் உதிராத பழம் ஆகியன புதிதாகப் பறித்ததன் அறிகுறிகள். பழத்தின்மேல் படிந்துள்ள மெல்லிய வெண்படலம் பெரும்பாலும் இயற்கையான மெழுகேயாகும். எனினும் தோலுடன் சமைப்பதால், பழங்களைக் காம்பிலிருந்து நீக்கி ஓடும் நீரில் பலமுறை கழுவுதல் அவசியம். பூஞ்சை பிடித்த, புளித்த வாடையுள்ள பழங்களை நீக்கிவிட வேண்டும்.

சாறு

வீட்டில் மிகுதியாகச் செய்யப்படுவது இதுவே. 1 கிலோ பழத்திற்கு 1 தம்ளர் (சுமார் 200 மில்லிலிட்டர்) நீர் சேர்த்து, மூடிய பாத்திரத்தில் சிறுதீயில் சூடாக்க வேண்டும். 60 முதல் 65 பாகை செல்சியசு வெப்பமே தோலின் நிறம் இறங்கப் போதுமானது. வெப்பமானி இல்லாத வீடுகளில், ஆவி எழுந்து கொதி வருவதற்கு முன்னுள்ள நிலையை அடையாளமாகக் கொள்ளலாம். 10 முதல் 15 நிமிடங்களில் தோல் வெடித்து நீர் சிவக்கும். பின்னர் அதனை மத்தால் மசித்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும்.

வடித்த சாற்றை ஓரிரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அடியில் மண்டியும் சிறு படிகங்களும் தங்கும். கண்ணாடித் துகள் போலத் தோன்றும் இப்படிகங்கள் பொட்டாசியம் பைடார்டரேட் எனும் உப்பாகும், இவற்றால் தீங்கில்லை. மேலுள்ள தெளிந்த சாற்றை மட்டும் இறுத்துக் கொள்ளலாம். சாற்றில் அமிலம் உள்ளதால் பாலுடன் கலந்தால் பால் திரிந்துவிடும்.

ஸ்குவாஷ்

ஸ்குவாஷ் என்பது நீர் கலந்து அருந்துவதற்கான செறிவான பழச்சாறு ஆகும். இந்திய உணவுத் தர விதிகளின்படி இதில் பழச்சாறு குறைந்தது 25 விழுக்காடும், கரைந்துள்ள திண்மங்கள் குறைந்தது 40 விழுக்காடும் இருத்தல் வேண்டும். வீட்டளவில் 1 லிட்டர் சாறு, 1¼ கிலோ சர்க்கரை, ¾ லிட்டர் நீர், 4 எலுமிச்சம்பழங்களின் சாறு என்னும் அளவு இவ்விரு வரம்புகளையும் நிறைவு செய்கின்றது. சர்க்கரையையும் நீரையும் கொதிக்கவைத்துப் பாகாக்கி, ஆறியபின் திராட்சைச் சாற்றைச் சேர்ப்பதால் மணம் காக்கப்படும்.

மாம்பழ, எலுமிச்சை ஸ்குவாஷ்களில் பயன்படும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டு இதற்கு ஏற்றதன்று. அதிலிருந்து வெளிப்படும் கந்தக டைஆக்சைடு சிவப்பு நிறத்தை வெளுக்கச் செய்யும். எனவே நிறமுள்ள பழச்சாறுகளுக்குச் சோடியம் பென்சோயேட்டு பயன்படுத்தப்படுகின்றது. குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில வாரங்களில் தீர்த்துவிடும் வீடுகளில் பதப்படுத்தும் பொருள் எதுவும் தேவைப்படாது.

ஜாம்

ஜாம் இறுகுவதற்குப் பெக்டின், அமிலம், சர்க்கரை ஆகிய மூன்றும் உரிய அளவில் சேர வேண்டும். நன்கு பழுத்த திராட்சையில் அமிலமும் பெக்டினும் குறைந்துவிடும். இதனால் சற்றுக் குறைவாகப் பழுத்த பழங்களைக் கால் பங்கு கலப்பதும், எலுமிச்சைச் சாறு சேர்ப்பதும் பயன் தரும். பழங்களை நீரின்றி மூடி வேகவைத்து, சல்லடையில் தேய்த்து விதையை நீக்க வேண்டும். தோலின் சதைப்பற்று கூழுடன் இறங்குமாறு அழுத்தித் தேய்ப்பது முக்கியம். 1 கிலோ கூழுக்கு 750 கிராம் சர்க்கரையும் 2 எலுமிச்சம்பழங்களின் சாறும் சேர்த்து, அகன்ற பாத்திரத்தில் பெருந்தீயில் விரைவாகக் கிளற வேண்டும்.

நூல்கள் ஜாமின் பதத்தை 105 பாகை செல்சியசு எனக் குறிப்பிடுகின்றன. இது கடல்மட்டத்திற்குரிய அளவு. நீர் கொதிக்கும் வெப்பநிலையைவிட ஏறத்தாழ 5 பாகை கூடுதல் என்பதே பொதுவிதி. சுமார் 400 மீட்டர் உயரத்திலுள்ள கம்பத்தில் இது ஒரு பாகை குறையும். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதிப்பதால், 98 பாகையில் ஜாம் பதமாகிவிடும்; 105 பாகை வரை காத்திருந்தால் கெட்டிப்பாகாகிவிடும். வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்ந்த தட்டில் ஒரு துளி இட்டு விரலால் கோடு இழுத்துப் பார்க்கலாம். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி.

கேக்

விதை நீக்கி இரண்டாக அரிந்த பழங்களைச் சிறிது மைதா மாவில் புரட்டிக் கலவையில் சேர்த்தால் அவை எளிதில் அடியில் தங்குவதில்லை. கூழைச் சேர்ப்பதாயின், முதலில் பாதியளவாகச் சுண்டவைத்துக் கொள்ள வேண்டும். இல்லையெனில் நீர் மிகுந்து கேக் வேகாது.

பன்னீர் திராட்சைக் கேக்கில் பலரும் எதிர்கொள்ளும் குறை நிற மாற்றம் ஆகும். ஆந்தோசயனின் அமிலத்தில் சிவப்பாகவும், காரத்தில் நீலம் அல்லது பச்சை கலந்த சாம்பல் நிறமாகவும் மாறும். ஆப்பசோடா (சமையல் சோடா) காரத்தன்மை உடையது. அதனைக் குறைத்துப் பேக்கிங் பவுடரைப் பயன்படுத்துவதாலும், பாலுக்குப் பதிலாகத் தயிர் சேர்ப்பதாலும் செந்நிறத்தைப் பெருமளவு காக்கலாம். அடுப்புப் பெட்டியில் 170 முதல் 180 பாகை செல்சியசில் சுடுவது வழக்கம். அது இல்லாத வீடுகளில், அடிகனமான பாத்திரத்தில் உப்பு அல்லது மணல் பரப்பி, அதன்மேல் கேக் கலவையுள்ள பாத்திரத்தை வைத்து, மூடிச் சிறுதீயில் சுடுகின்றனர்.

பிற உணவுகள்

* பச்சடி: அன்னாசிப் பச்சடியைப் போல, விதை நீக்கிய பழத்தை வெல்லம், சிறிது உப்பு, வற்றல் மிளகாய் ஆகியவற்றுடன் வேகவைத்து, கடுகு தாளித்துச் செய்யப்படுகின்றது.
* ரசம்: புளியைக் குறைத்து, திராட்சைச் சாற்றை இறக்கும் நேரத்தில் சேர்க்கும் மிளகு ரசம்.
* கேசரி: வறுத்த ரவையை வேகவைக்கும் நீரில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சாறு சேர்க்கப்படுகின்றது. நிறப்பொடி தேவைப்படாது.
* தயிர் சாதம்: அரிந்து விதை நீக்கிய பழங்கள் மாதுளை முத்துகளுடன் சேர்க்கப்படுகின்றன.

நொதித்தல்

'திராட்சை ரசம்' என்னும் சொல் தமிழ்க் கிறித்தவ வழக்கில் திராட்சை மதுவைக் குறிக்கும். மேலே குறிப்பிட்ட மிளகு ரசம் வேறு. சூடாக்காத சாறு அறை வெப்பநிலையில் ஓரிரு நாட்களிலேயே நொதிக்கத் தொடங்கும். அப்போது வெளியாகும் கரியமில வாயுவால் இறுக மூடிய கண்ணாடிப் புட்டி வெடிக்கவும் கூடும். உரிமம் இன்றி மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 இன்படி குற்றமாகும்.

விளைச்சல் மிகுதியும் வீட்டுச் சமையலும்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிகளுள் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். பன்னீர் திராட்சை நெடுநாள் தாங்காது. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் பழங்கள் வெடித்து, குலை முழுவதும் சந்தையில் மதிப்பிழக்கும். பல தோட்டங்களில் ஒரே நேரத்தில் அறுவடை நிகழும்போது விலையும் வீழ்கின்றது. அத்தகைய நாட்களில் பழத்தை விரைந்து சாறாகவோ ஜாமாகவோ மாற்றுவதே இழப்பைக் குறைக்கும் வழி. அன்றன்று வெடித்த, ஆனால் பூஞ்சை பிடிக்காத பழங்களும் உடனடியாகச் சூடாக்கப்படும் சாற்றுக்குப் பயன்படும்.

விதையில்லாத் திராட்சையுடன் பழக்கடையில் போட்டியிடும்போது பின்தங்கும் இவ்வகை, சாறு, ஜாம் ஆகியவற்றில் அதன் நிறத்தாலும் மணத்தாலும் முன்னிற்கின்றது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், பழத்தைக் காக்காது. பழம் வீணாகாமல் இருப்பது அதனைப் பதப்படுத்தும் தொழிற்கூடங்களையும், வாங்கிச் சமைக்கும் வீடுகளையும் பொறுத்தது.

உடல்நலக் குறிப்புகள்

சாறாக்கும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதி நீங்கி, சர்க்கரை எஞ்சுகின்றது. எனவே நீரிழிவு நோயாளிகள் சாற்றின் அளவில் கவனம் செலுத்த வேண்டும். சிறு குழந்தைகளுக்கு முழுப்பழம் தொண்டையில் அடைக்கக் கூடுமாதலால், நீளவாக்கில் அரிந்து விதை நீக்கித் தருதல் வேண்டும். திராட்சையும் உலர் திராட்சையும் நாய்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பை ஏற்படுத்தக் கூடியவை. எஞ்சிய சக்கையை அவற்றிற்கு இடலாகாது.

இவற்றையும் பார்க்கவும்

* கம்பம் பள்ளத்தாக்கு
* தேனி மாவட்டம்
* உலர் திராட்சை
* பெக்டின்
* புவிசார் குறியீடு