இரண்டாவது ரவுட்டர் (வீட்டு வைஃபை)

வைஃபை எட்டாத அறைகளுக்கு அலையைக் கொண்டுசேர்க்க, ஏற்கெனவே உள்ள இணைய இணைப்போடு கூடுதலாகப் பொருத்தும் கருவி இரண்டாவது ரவுட்டர். பேச்சுவழக்கில் ‘இன்னொரு மோடம்’ என்பார்கள். இது இணைய வேகத்தைக் கூட்டாது. மாதக் கட்டணத்துக்குக் கிடைப்பது 50 மெகாபிட் என்றால், வீட்டில் மூன்று பெட்டி வைத்தாலும் அது 50 மெகாபிட்தான். பட்டாசாலையில் கிடைக்கும் வேகத்தை அடுப்படியிலும் மாடியிலும் கிடைக்கச் செய்வது மட்டுமே இதன் வேலை.

விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டி இருக்கும் பேரூராட்சி மம்சாபுரம். இது போன்ற ஊர்களின் பழைய தெருக்களில், வாசல் குறுகி உள்ளே நீண்டு போகும் வீடுகள் உண்டு. முன்னறை, பட்டாசாலை, அடுப்படி, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் இருக்கும். பிற்பாடு மேலே ஒரு மாடி எழுப்பியிருப்பார்கள். பைபர் ஒயர் மின்கம்பத்திலிருந்து முன்பக்கச் சன்னல் வழியே நுழையும். ஒயர் முடிகிற இடத்திலேயே, டிவிக்குப் பக்கத்தில், மோடத்தை மாட்டிவிட்டு ஆட்கள் போய்விடுவார்கள். பெட்டி வீட்டின் ஒரு கோடியில் இருப்பதால் அலையில் பாதி தெருவுக்குப் போகிறது.

சுவரைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அலை இளைக்கிறது. இந்த இழப்பை டெசிபலில் அளப்பார்கள்: 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று. செங்கல் சுவர் ஒன்றிரண்டைச் சமாளிக்கும் அலை, கம்பி கட்டி ஊற்றிய கான்கிரீட் தளத்தில் தள்ளாடும். இரும்பு பீரோவும் ஆளுயரக் கண்ணாடியும் அலையைத் திருப்பியடிக்கும். மோடத்தை பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு ‘சிக்னலே இல்லை’ என்று அலுத்துக்கொள்ளும் வீடுகள் குறைவல்ல.

வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரம் 1997இல் வெளியானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்தியாவில் 2005இல் வழி பிறந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் மீதிருந்த கட்டுப்பாடுகள் 2018இல் பெருமளவு தளர்ந்தன. முன்னதன் அலைநீளம் சுமார் 12 செ.மீ.; சுவர்களைக் கடந்து தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து மோடங்களும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையில் நெருக்குகின்றன. பின்னதன் அலைநீளம் அதில் பாதிக்கும் குறைவு. வேகம் அதிகம், சுவருக்குத் தோற்றுவிடும்.

புதிய பெட்டி வாங்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பைபர் ஒயரைச் சில மீட்டர் நீட்டி, மோடத்தை வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டச் சொல்ல வேண்டும். ஒரே தளமுள்ள வீட்டில் பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால்தான் இரண்டாவது ரவுட்டர். இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வருகிறது: பைபர் ஒயரையே இரண்டாகப் பிரித்து மாடிக்கும் கொடுக்கலாமே என்பது. முடியாது. வீட்டிலுள்ள பைபர் மோடம் தன் வரிசை எண்ணோடு நிறுவனத்தின் முனையத்தில் பதிவானது. இரண்டாவது கருவிக்கு இணைப்பு, மோடத்தின் லேன் துளையிலிருந்துதான் போக வேண்டும்.

அந்தத் துளையிலிருந்து மாடிவரை ஒயர் இழுப்பதே இருக்கும் வழிகளில் சிறந்தது. கேட்5இ அல்லது கேட்6 வகை ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். வீட்டுக்கு இருபது மீட்டரே தாராளம். அதனுள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கு இணைகளாக இருக்கும். முனையில் ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டாலும் கிகாபிட் வேகம் கிடைக்காது. இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம், அறுந்தும் போகலாம். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிப்பது கூடாது.

மாடியில் வைக்கும் ரவுட்டரை, தனி வலை உருவாக்காமல் மோடத்தின் வலையையே நீட்டும் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்ற வேண்டும். பழைய மாடல்களில் அந்த வசதி இல்லையென்றால் கையால் செய்யலாம். மோடத்தின் ஐ.பி. முகவரி 192.168.1.1 என்றால், இதற்கு 192.168.1.2 போல, மோடம் பிற கருவிகளுக்கு வழங்காத ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். பிறகு, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வசதியை அதில் நிறுத்திவிட்டு, வரும் ஒயரை லேன் துளை ஒன்றில் செருக வேண்டும். இவை எதையும் மாற்றாமல், வேறு நிறத்தில் தனித்திருக்கும் இணைய உள்ளீட்டுத் துளையில் செருகினாலும் இணையம் வரும். ஆனால் வீட்டுக்குள் இரண்டு வலைகள் உருவாகும். மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே உள்ள ஸ்மார்ட் டிவி தெரியாது. லேன் துளையில் செருகிவிட்டு டி.எச்.சி.பி.யை நிறுத்த மறந்தால் இரண்டு பெட்டிகளும் போட்டிபோட்டு முகவரி வழங்கும். இணையம் வந்து வந்து போகும், காரணமும் லேசில் பிடிபடாது.

ஒயர் இழுக்க வழியே இல்லாத வீட்டுக்கு ரிப்பீட்டர் உண்டு. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழ பாதியாகும். அதைச் சிக்னல் செத்த அறையில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நல்ல சிக்னல் வரும் பாதி வழியில் வைக்க வேண்டும். பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை வைத்திருக்கும் மெஷ் கருவிகள் இதைவிட மேல், விலையும் அதிகம். அவற்றுக்கும் ஒயர் கொடுத்தால் இன்னும் நன்றாக ஓடும் என்பதை விளம்பரங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் வைக்கலாம். எதைப் பிடிப்பது என்று போனே முடிவு செய்யும். சில போன்கள் மாடி ஏறிய பிறகும் கீழ்ப் பெட்டியை விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6 அல்லது 11 என்று சேனல் பிரித்துவிட்டால் மோதல் குறையும். பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரையே பயன்படுத்துவதில் தவறில்லை, டபிள்யூ.பி.ஏ.2 பாதுகாப்பாவது அதில் இருக்கும்வரை.

கரண்ட் போனால் இரண்டு பெட்டிகளும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். இல்லையேல் மாடியில் மறுபடி சிக்னல் போகும். வெளிச்சுவர் வழியாக மாடிக்கு ஏற்றிய லேன் ஒயர் செம்பு. பைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, செம்பு கடத்தும். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு பெட்டிகளும் சேர்ந்தே போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டத் தொடங்கியதும் டிவி பிளக்கைப் பிடுங்குகிறவர்கள், இடி நெருங்குமுன் ரவுட்டர்களின் அடாப்டரையும் லேன் ஒயரையும் கழற்றிவைக்க வேண்டும்.