சுவரோடு நிற்காத தூசு: கோலார் தங்கவயலில் நச்சகற்றலும் மறுகட்டுமானமும்

பேரிடரில் சிதைந்த கட்டடத்திலிருந்து நச்சுப்பொருள்களை அகற்றுவது, பின்பு அதை இடிப்பது, இடித்த இடத்தில் புதியதை எழுப்புவது ஆகிய மூன்றும் நடைமுறையில் தனித்தனி ஒப்பந்தங்களாக, வெவ்வேறு துறைகளின் பொறுப்பாகவே கையாளப்பட்டு வருகின்றன. ஆனால் முதல் வேலை முறையாக முடியாவிட்டால் இரண்டாவது ஊருக்கே ஆபத்தாகும், மூன்றாவது வீண்செலவாகும் என்பதைக் கடந்த கால் நூற்றாண்டின் பட்டறிவு காட்டுகிறது. கோலார் தங்கவயலில் ஒரு பள்ளியையோ கல்லூரியையோ பாதுகாப்பாக மீட்டெடுப்பதென்றால் நச்சகற்றலின் எல்லையைக் கட்டடச் சுவரோடு நிறுத்திவிட முடியாது, ஊரைச் சூழ்ந்து நிற்கும் சயனைடு மண் குவியல்களையும் அந்த எல்லைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதும், அக்குவியல்களைத் தோண்டி மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்தை ஓர் இடிப்புப் பணியாகவே கருதி நெறிப்படுத்த வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு அளவுகோலாகக் கொள்ளத்தக்க நிகழ்வு நியூயார்க்கில் உள்ளது. அந்நகரின் மன்ஹாட்டன் பகுதிச் சமுதாயக் கல்லூரிக்கு 1993-இல் நன்கொடையாகக் கிடைத்த ஃபிட்டர்மன் ஹால் என்னும் 15 மாடிக் கட்டடம், 2001 செப்டம்பர் 11 அன்று மாலை உலக வணிக மையத்தின் ஏழாம் எண் கட்டடம் சரிந்து அதன் தெற்கு முகத்தின்மேல் விழுந்ததில் சிதைந்தது. சுவர் பிளந்ததோடு சேதம் முடியவில்லை. உடைந்த சன்னல்கள் வழியாகப் புகுந்த தூசில் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், டையாக்சின், படிகச் சிலிக்கா ஆகியவை கலந்திருக்கலாம் என்று கொள்ளப்பட்டது; மழைநீர் இறங்கிய அறைகளில் பூஞ்சை படர்ந்தது. நகர நிர்வாகத்துக்கும் மாநில அரசுக்கும் இடையே பணத்தை யார் தருவது என்ற இழுபறியால் வலைத்துணி போர்த்திய அந்தக் கட்டடம் ஆண்டுக்கணக்கில் நின்றது. நச்சகற்றலும் இடிப்பும் 2009-இன் இறுதியில் நிறைவுற்று, புதிய 14 மாடிக் கட்டடம் 2012 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு கல்லூரிக் கட்டடம் மீண்டு வர ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆயின.

இந்தக் கால அளவில் வேலையின் தன்மைக்கும் பங்குண்டு. கல்நார் இழை கண்ணுக்குப் புலப்படாதது. காற்றில் ஏறிவிட்டால் மணிக்கணக்கில் மிதப்பது. எனவே நச்சகற்றப்படும் தளத்தைப் பாலிதீன் தாளால் முழுக்க மூடி, உள்ளிருக்கும் காற்றை நுண்வடிகட்டி பொருத்திய விசிறிகளால் இடைவிடாமல் இழுத்து வெளியேற்றுவார்கள். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைந்திருப்பதால், தாளில் எங்கேனும் கிழிசல் விழுந்தாலும் வெளிக்காற்றுதான் உள்ளே போகுமே தவிர உள்தூசு வெளியே வராது. வேலை முடித்து வருபவர் அடுத்தடுத்த மூன்று சிற்றறைகளைக் கடந்தாக வேண்டும்: முதல் அறையில் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நடு அறையில் முகமூடியைக் கழற்றாமலே குளிக்கத் தொடங்கி, கடைசி அறையில் தம் சொந்தத் துணியை உடுத்திக்கொள்ளலாம். பெயர்த்தெடுத்த பொருள் ஈரமாக்கப்பட்டு, இரட்டைப் பையில் கட்டப்பட்டு, அதற்கென உரிமம் பெற்ற குழிக்குச் செல்லும். காற்று மாதிரிகள் அனுமதித்த அளவுக்குள் வந்தபின்புதான் தாளைப் பிரிப்பார்கள். இத்தனையும் முடிந்த கட்டடம் வெறும் எலும்புக்கூடாக நிற்கும். இடிக்கத் தகுந்தது அந்த நிலையே.

வரிசை மாறினால் என்ன நேரும் என்பதையும் அதே வட்டாரம் கண்டது. ஃபிட்டர்மன் ஹாலுக்குச் சற்றுத் தொலைவில், அதே நாளில் சிதைந்த 41 மாடி டாய்ச்சு வங்கிக் கட்டடத்தில் மேல்தளங்களை இடிக்கும் வேலையும் கீழ்த்தளங்களில் நச்சகற்றும் வேலையும் ஒருசேர நடந்தன. 2007 ஆகஸ்ட் 18 அன்று அங்கே தீப்பிடித்தபோது, தீயணைப்புக்கான நீர்க்குழாய் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. தூசைத் தடுக்க எழுப்பிய பலகைத் தடுப்புகளும் பாலிதீன் தாள்களும் புகையை உள்ளேயே தேக்கிப் படிக்கட்டுகளை மறித்தன. தீயணைப்பு வீரர் இருவர் உயிரிழந்தனர். அதன்பின் நச்சகற்றல் முழுவதும் முடிந்த பிறகே இடிப்பு என்று முறை மாற்றப்பட்டது. மூன்று வேலைகளின் வரிசை உயிர்களைக் காக்கும் விதி என்பது இவ்வளவு பெரிய விலை கொடுத்து அறியப்பட்டதாகும்.

கோலார் தங்கவயலின் பேரிடர் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. அதனால்தான் அது பேரிடர் என்ற பெயரைப் பெறவில்லை. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றதிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, நூற்றிருபது ஆண்டுகளில் இம்மண்ணிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்த தமிழர்களே, அவர்களுள்ளும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரே, ஆழத்தில் பாறை உடைத்தவர்கள். கல்வி அவர்களுக்குத் தங்கத்துக்கு இணையான பொருளாக இருந்தது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியதும், அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் 1926-இல் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்ததும், படிப்பறிவைத் தாமே உண்டாக்கிக்கொண்ட ஒரு சமூகம் இங்கு வாழ்ந்தது என்பதற்குப் போதிய சான்று. இங்கே ஒரு பள்ளிக் கட்டடத்தின் நிலையைப் பேசுவது அந்த வரலாற்றின் மிச்சத்தைப் பேசுவதாகவே அமையும்.

எடுத்த தங்கம் போக எஞ்சிய மண்ணே ஊரில் நிற்கிறது. பாறையில் மிகச் சிறிதளவு தங்கமே இருப்பதால், வெட்டியெடுத்த குவார்ட்சுப் பாறை முழுவதையும் மில்லில் மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்தபின், மீந்த மண்ணைக் குழம்பாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அப்படிச் சேர்ந்த 13 குவியல்களில் ஏறத்தாழ 3.3 கோடி டன் மண் உள்ளது. அவை ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை மூடியுள்ளன. ஊரார் சயனைடு மலை என்று அழைக்கும் இம்மேடுகளின் சரிவில் மழை ஆழமான வாய்க்கால்களை அறுத்திருக்கிறது. வெயிலில் மேல்பரப்பு மெல்லிய ஓடாக இறுகும். கால் பட்டாலோ கால்நடை ஏறினாலோ அந்த ஓடு உடைந்து, அடியிலுள்ள நுண்மண் வெளிப்படும். ஆடிக் காற்று அதை அள்ளிக்கொண்டு தொழிலாளர் லைன் வீடுகளுக்குள்ளும் வகுப்பறைகளுக்குள்ளும் கொண்டுவந்து சேர்க்கிறது.

இம்மண்ணால் வரும் தீங்கைச் சயனைடோடு மட்டும் பொருத்திப் பார்ப்பது ஆய்வு நோக்கில் போதாது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதையும் சேர்மம். மேற்பரப்பில் அதன் வீரியம் குறைந்திருக்க வாய்ப்புண்டு. சிதையாதது குவார்ட்சு. அதன் நுண்துகளே படிகச் சிலிக்கா; மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குப் போய்ப் படிந்து, திசுவை வடுவாக இறுக்கி, சிலிக்கோசிஸ் என்னும் மீளாத நோயை உண்டாக்குவது. இந்தியாவில் இந்நோய் குறித்த முதல் பெரிய மருத்துவ ஆய்வு 1940-களில் நடந்தது இந்தத் தங்கவயலில்தான். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்த அந்த ஆய்வு, ஐந்தில் இருவருக்கும் மேலானோரிடம் நோயின் அடையாளத்தைக் கண்டது. அவர்கள் சுரங்கத்துக்குள் மூச்சாக இழுத்த அதே கனிமம் இப்போது தரைக்கு மேல், வேலியற்ற வெளியில் கிடக்கிறது. சுரங்கத்தில் நிலவிய தூசின் அடர்த்தி வெளியில் இராது என்பது உண்மையே. ஆயினும் தொழிலாளி வேலை நேரம் முடிந்ததும் மேலே வந்துவிட்டார். மேட்டின் அடியில் வாழும் குழந்தைக்கு அப்படியொரு நேரம் முடிவதில்லை.

நியூயார்க்கில் அஞ்சத்தக்க பொருள்களின் பட்டியலில் இடம்பெற்றதும் இதே படிகச் சிலிக்காதான். அங்கே ஒரு கட்டடத்துக்குள் புகுந்த தூசுக்காகத் தளம் தளமாகத் தாள் போர்த்தி வேலை நடந்தது. இங்கே ஒரு வகுப்பறையை எத்தனை முறை கழுவி வெள்ளையடித்தாலும், தூசின் ஊற்று வெளியே திறந்து கிடக்கும்வரை அடுத்த ஆடியில் அந்த அறை பழைய நிலைக்கே திரும்பும். ஆகவே தங்கவயலில் நச்சகற்றல் என்ற சொல்லை ஒரு கட்டடத்துக்கு மட்டும் பயன்படுத்துவது பொருளற்றது.

மறுகட்டுமானத்துக்கு நிலத்தின் அடியிலும் ஒரு தடை உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அவ்வளவு ஆழத்தில் பாறையை வெட்டி வெற்றிடமாக்கும்போது, சுற்றியுள்ள பாறை தாங்கிநிற்கும் அழுத்தம் திடீரென விடுபட்டு வெடிக்கும். இதைப் பாறை வெடிப்பு என்பர். பழைய சுரங்க அறிக்கைகள் ஏர் பிளாஸ்ட் என்றன. அதன் அதிர்வு நிலத்தின் மேலும் வீட்டுச் சுவர்களில் விரிசல் காணும் அளவுக்கு இருந்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கவயலின் உரிகத்தில் நில அதிர்வுமானி நிறுவப்பட்டது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் தங்கவயலில் தொடங்கப்பட்டதற்கும் இச்சிக்கலே பின்னணி. நீரிறைக்கும் இயந்திரங்கள் நின்று சுரங்கங்களில் நீர் நிரம்பிய பிறகும் அதிர்வுகள் பதிவாகியுள்ளன. எனவே விரிசல் விட்ட ஒரு பழைய கட்டடத்தை இடித்து அதே மனையில் புதியதை எழுப்புமுன், அம்மனைக்குக் கீழே எந்தச் சுரங்க மட்டம் எந்த ஆழத்தில் செல்கிறது என்பதைச் சுரங்க வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். அந்த வரைபடங்களைப் பொது ஆவணமாக்கிப் பேணுவதும் மறுகட்டுமானத்தின் ஒரு பகுதியே. ஒரு கல்லூரியின் அடித்தளம் அந்தத் தாள்களில் தொடங்குகிறது.

சட்டம் இந்த முழுமையை இன்னும் காணவில்லை. கட்டட இடிபாடுகளைக் கையாள 2016-இல் விதிகள் வந்தன. நச்சு படிந்த இடங்களைக் கண்டறிந்து சீர்செய்ய 2025 ஜூலையில் நடுவண் அரசு தனி விதிகளை வெளியிட்டது. பின்னதன் வருகை பெரிதும் வரவேற்கத்தக்கது. ஆனால் சுரங்கத் தொழிலால் மாசடைந்த இடங்கள், அவற்றுக்கு வேறு சட்டங்கள் உள்ளன என்ற காரணத்தால், பொதுவாக அவ்விதிகளின் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. இயங்கும் சுரங்கத்துக்கு இந்தக் காரணம் பொருந்தலாம். முதலாளியும் தொழிலாளியும் போய்விட்ட சுரங்கத்துக்குப் பொருந்தாது. சுரங்கச் சட்டம் உள்ளே வேலை செய்பவரைக் காப்பதற்காக எழுதப்பட்டது. மூடிய சுரங்கத்தின் மண்மேட்டுக்கு அருகில் படிக்கும் மாணவியை அது தன் பொறுப்பாகக் கருதுவதில்லை.

இந்நிலையில்தான் 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, 13 குவியல்களையும் தோண்டி எஞ்சிய தங்கத்தை எடுக்கும் நடுவண் அரசின் திட்டத்துக்கு இசைவளித்தது. கால் நூற்றாண்டாக வேலை தேடிப் பெங்களூருக்கு ரயிலில் சென்று திரும்பும் ஊருக்கு இத்திட்டம் தரும் நம்பிக்கையைக் குறைத்து மதிப்பிடலாகாது. குவியலை அப்படியே விட்டுவைப்பதும் தீர்வன்று. முறையாகச் செய்தால் இதுவே ஊரின் மிகப் பெரிய நச்சகற்றலாகவும் அமையலாம். ஆனால் பல பத்தாண்டு மழையிலும் வெயிலிலும் இறுகிய மேற்பரப்பை எந்திரம் கொண்டு உடைப்பது, கல்நார் படிந்த கட்டடத்தின் சுவரை உடைப்பதற்கு ஒப்பான செயல். அடங்கியிருந்த தூசு அப்போதுதான் எழும். 3.3 கோடி டன் மண்ணை எங்கே கொண்டுபோய் மீண்டும் கொட்டுவது என்பதற்கு விடை இல்லாமல் தோண்டத் தொடங்கினால், ஒரு மேடு இடம் மாறி இன்னொரு மேடாகும், அவ்வளவுதான்.

எவ்வளவு தூய்மை போதும் என்ற கேள்வியைக் கொடைக்கானல் முன்பே எழுப்பியது. அங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டு, பாதரசம் கலந்த கழிவு 2003-இல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மண்ணில் எஞ்சிய பாதரசம் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்ற அளவுகோலோ பல ஆண்டுகள் சர்ச்சைக்குரியதாகவே நீடித்தது. அளவுகோலைத் தூய்மைப் பணிக்கு முன்பே, அங்கு வாழ்வோரின் முன்னிலையில் முடிவு செய்யாததன் விளைவு அது. செலவு மிகும் என்பதே கடுமையான அளவுகோலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு. நோயாளியின் மூச்சுக்கான செலவை அவருடைய குடும்பமே சுமக்கும் ஊரில், அந்தச் செலவு எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை என்பதாலேயே தூய்மைப் பணி விலைமிக்கதாகத் தோன்றுகிறது.

எனவே தங்கவயல் குவியல்களைத் தோண்டுவதற்கான ஏல ஒப்பந்தம் இறுதியாகும் முன்பே சில நிபந்தனைகள் அதில் இடம்பெற வேண்டும். முதல் மண்ணை அள்ளுமுன் ஓராண்டு முழுவதும், ஆடிக் காற்றையும் உள்ளடக்கி, குவியல்களை அடுத்த பள்ளி கல்லூரிகளின் வளாகத்தில் நுண்தூசும் சிலிக்காவும் அளக்கப்பட வேண்டும். பின்னாளில் எந்த ஒப்பீட்டுக்கும் அந்த அளவே அடிப்படை. ஒரு குவியலைத் தோண்டி, மீந்த மண்ணை மூடி, செடி பிடிக்கும்வரை அடுத்த குவியலில் கை வைக்கலாகாது. அளவு மீறிய நாளில் வேலையை நிறுத்தும் அதிகாரம் குத்தகைதாரருக்குக் கட்டுப்படாத ஒருவரிடம் இருக்க வேண்டும். அந்த அளவுகள் கன்னடத்திலும் தமிழிலும் அன்றன்றே பள்ளி வாசலில் எழுதப்பட வேண்டும். எடுக்கும் தங்கத்தின் மதிப்பில் ஒரு பங்கு, விரிசல் விட்ட கல்விக் கட்டடங்களை ஆராய்ந்து, தேவையானவற்றை இடித்து, அடிநிலம் உறுதியான மனைகளில் புதிதாக எழுப்புவதற்கென்றே தனிக் கணக்கில் சேர வேண்டும்.