ஐரோப்பிய இயற்கைத் தகவல் அமைப்பு (யூனிஸ்)

ஐரோப்பாவின் உயிரினங்கள், வாழிடங்கள், பாதுகாக்கப்பட்ட இடங்கள் ஆகிய மூன்றையும் பற்றிய விவரங்களை இணைத்துத் தரும் தகவல் அமைப்பு, சுருக்கமாக யூனிஸ். கோப்பன்ஹேகனில் இயங்கும் ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமைக்காக 1990களில் உருவாகத் தொடங்கியது. ஒரு பறவையையோ செடியையோ தேடினால், எந்தச் சட்டம் அதைக் காக்கிறது, எந்தெந்தக் காப்பிடங்களில் அது பதிவாகியுள்ளது என்பதை அறியலாம்.

உயிரினங்களைப் பட்டியலிடுவதில் பெரிய சிக்கல் இருக்கவில்லை. லின்னேயஸ் காலம் முதல் பொதுவான அறிவியல் பெயர்கள் இருந்தன. 1964 முதல் 1980 வரை ஐந்து தொகுதிகளாக வந்த ‘ஃப்ளோரா யூரோப்பியா’ கண்டம் முழுவதன் தாவரங்களையும் ஒன்றுதிரட்டியது. வாழிடங்களுக்குத்தான் அப்படியொரு பொது அளவுகோல் இல்லை. ஒரே மலைத்தொடரின் புல்வெளியை எல்லைக்கு இருபுறமும் இருந்த தாவரவியலாளர்கள் தத்தம் மரபுப்படி வெவ்வேறாக வகுத்தார்கள். யூனிஸ் வரலாற்றின் கடினமான பகுதி இந்த வகைப்பாடே. அதன் உண்மையான சாதனையும் அதுவே.

1979இல் ஐரோப்பியச் சமூகத்தின் பறவைகள் ஆணையும், ஐரோப்பிய அவையின் பெர்ன் உடன்படிக்கையும் உருவாயின. காக்க வேண்டியவை எங்கே இருக்கின்றன என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. 1985இல் தொடங்கிய, ஐரோப்பியச் சமூகத்தின் கோரின் திட்டம் அதற்கு விடை தேடியது. இயற்கை மதிப்புள்ள இடங்களை அது ஒரே முறையில் பதிவு செய்தது. 1991இல் வாழிட வகைகளின் கையேட்டையும் வெளியிட்டது.

மறு ஆண்டே அந்த வகைப்பாட்டுக்குச் சட்ட வலிமை கிடைத்தது. 1992ஆம் ஆண்டின் வாழிட ஆணை, காக்க வேண்டிய வாழிடங்களின் பட்டியலான தன் முதல் இணைப்பை அதிலிருந்தே எடுத்துக்கொண்டது. ஆனால் கோரின் அன்றைய பன்னிரண்டு உறுப்பு நாடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. 1995இல் பின்லாந்தும் சுவீடனும் சேர்ந்தபோது வடபுலத்து ஊசியிலைக் காடுகளையும், 2004இல் ஹங்கேரி முதலிய நாடுகள் சேர்ந்தபோது பன்னோனியச் சமவெளியின் வாழிடங்களையும் இணைப்பில் புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. பட்டியலில் இடம்பெறாத வாழிடத்துக்கு அந்த ஆணையின் கீழ் காப்பிடம் ஒதுக்க வழியில்லை.

பறவைகள் ஆணை, வாழிட ஆணை ஆகிய இரண்டின் கீழும் அமைந்த காப்பிட வலைப்பின்னலே நாச்சுரா 2000. இதன் ஒவ்வோர் இடத்துக்கும் நாட்டின் ஈரெழுத்தோடு தொடங்கும் ஒன்பது எழுத்துருக்கள் கொண்ட குறியீடும், இனங்களையும் வாழிடங்களையும் குறிக்கும் ஒரே மாதிரியான படிவமும் உண்டு. இன்று இவ்விடங்கள் ஏறத்தாழ 27,000; ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலப்பரப்பில் 18 சதவீதம் அளவு.

இத்தகைய தகவலின் வலிமையை 1998இல் ஐரோப்பிய நீதிமன்றம் நெதர்லாந்துக்கு எதிராக வழங்கிய தீர்ப்பு காட்டுகிறது. முக்கியப் பறவை வாழிடங்கள் என்று 1989ஆம் ஆண்டுப் பட்டியல் அந்நாட்டில் 70 இடங்களைச் சொல்லியிருந்தது. அரசு காப்பிடமாக அறிவித்திருந்தவை 23. அந்தப் பட்டியல் சட்டம் அல்ல. ஆயினும் அதை மறுக்கும் அறிவியல் சான்று எதையும் அரசு முன்வைக்காததால், நீதிமன்றம் அதையே அளவுகோலாகக் கொண்டு நெதர்லாந்து கடமை தவறியது என்றது. பறவை ஆர்வலர்கள் பொறுமையாகத் திரட்டிய விவரம் ஓர் அரசையே பதில் சொல்ல வைத்தது.

வாழிட ஆணைப்படி நாடுகள் ஆறாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தருகின்றன. ஒவ்வோர் இனத்தின், வாழிடத்தின் நிலையும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் குறிக்கப்படுகிறது. 2013–2018 காலத்துக்கான மதிப்பீட்டில் நல்ல நிலையில் இருந்த வாழிடங்கள் 15 சதவீதம் மட்டுமே; 81 சதவீதம் மோசமான அல்லது மிக மோசமான நிலையில் இருந்தன. வேதனை தரும் கணக்கு இது. பொது வகைப்பாடு இல்லாதிருந்தால் இந்தக் கணக்கையே எடுத்திருக்க முடியாது.

யூனிஸின் வாழிட வகைப்பாடு கோரின் கையேட்டிலிருந்தும் அதன் விரிவாக்கங்களிலிருந்தும் வளர்ந்தது. கடலுக்கு ஏ, புல்வெளிக்கு ஈ, காட்டுக்கு ஜி என எழுத்துகளில் தொடங்கி, படிப்படியாக நுண்ணிய பிரிவுகளுக்கு இறங்கும் அமைப்பு அது. நிபுணரின் விவரிப்பை மட்டும் நம்பினால் ஒரே இடத்தை இருவர் வேறு வகைகளில் அடக்க முடியும் என்பது அதன் குறை. கடந்த பத்தாண்டுகளில் நடந்த திருத்தம் அதைச் சரிசெய்ய முயன்றது. கண்டமெங்கும் தாவரவியலாளர்கள் களத்தில் பதிவு செய்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிப் பரப்புகளைக் கொண்டு, எந்தச் செடிகள் எந்த அளவில் இருந்தால் எந்த வாழிடம் என்பதைக் கணினியே முடிவு செய்யும் விதிகள் வகுக்கப்பட்டன. 2020இல் அவை வெளியாயின. காடு இப்போது டி (T) எழுத்துக்கு மாறிவிட்டது. பழைய குறியீட்டில் வரைந்த நிலப்படங்கள் இன்னும் பயன்பாட்டில் இருப்பதால், இரண்டையும் பொருத்திக் காட்டும் ஒப்பீட்டு அட்டவணைகளும் தேவைப்படுகின்றன.