நாளைக்கு ரெண்டா, ரெண்டு நாளைக்கா? வேற்றுமொழிக்காரர் பேசும் தமிழ் நம் காதுக்குப் புரிவது எப்படி?

திருநெல்வேலி டவுணில் ரத வீதிப் பக்கம் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தால், "அண்ணாச்சி, என்ன வேணும்?" என்று கேட்கும் இளைஞரின் தாய்மொழி இந்தியாகவோ வங்காளமாகவோ ஒடியாவாகவோ இருக்கலாம். கட்டட வேலை, ஓட்டல், கடை என்று பிழைப்புத் தேடி வந்தவர்கள் இங்கேயே தமிழ் கற்றுக்கொண்டு பேசுகிறார்கள்.

தோசை கேட்டு ஊத்தப்பம் வந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் மருந்துக்கடையிலோ, ஆஸ்பத்திரியிலோ, காவல் நிலையத்திலோ பேச்சு தவறாகப் புரிந்தால்? ஒருவர் பேசுவது நமக்குப் புரிவதும் புரியாமல் போவதும் பேசுபவரின் கையில் மட்டும்தான் இருக்கிறதா? இல்லை என்கின்றன ஆய்வுகள். கேட்பவருக்கும் அதில் பாதி வேலை உண்டு.

வேற்றுமொழிக்காரர் தமிழ் ஏன் வேறு மாதிரி ஒலிக்கிறது?

ஒவ்வொருவரின் நாக்கும் காதும் தாய்மொழியில் பழகியவை. இந்தியில் குறில் 'எ', குறில் 'ஒ' ஆகியவற்றுக்குத் தனி எழுத்து கிடையாது. அதனால் இந்தி பேசுபவர் சொல்லும் 'கொடு', நம் காதில் 'கோடு' போல விழலாம். வங்காளப் பேச்சில் 'இ', 'ஈ' நீள வேறுபாடு பொருளை மாற்றாது. அதனால் 'வீடு' என்பது 'விடு' ஆகக் கேட்கலாம். 'ழ' இந்தியிலும் இல்லை, வங்காளத்திலும் இல்லை.

நமக்கும் இதே சிக்கல் உண்டு. இந்தியில் சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கானா'தான். இந்திக்காரர் காதுக்கு அவை முற்றிலும் வேறு ஒலிகள். தமிழை மட்டுமே கேட்டு வளர்ந்த காது அந்த வேறுபாட்டைப் பிடிக்கத் தடுமாறும். இது அறிவுக் குறைவு அல்ல, பழக்கம்.

அப்படியானால் எப்படிப் புரிகிறது?

நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. சூழலை வைத்து, விடுபட்டதை மூளை நிரப்பிக்கொள்கிறது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் 1970-ல் இதைச் சோதித்தார். பதிவு செய்த ஒரு வாக்கியத்தில், ஒரு சொல்லின் நடுவிலிருந்த ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே இருமல் சத்தத்தை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றே சொன்னார்கள்.

நெல்லைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தென்மாவட்டப் பேச்சில் 'வாழைப்பழம்' பல நேரம் 'வாளப்பளம்'தான். 'வழி' என்பது 'வளி' ஆகிவிடும். ஆனாலும் "ஜங்ஷனுக்கு எந்த வளி?" என்று கேட்டால் யாரும் குழம்புவதில்லை. அதே சலுகையை வெளியூர்க்காரரின் பேச்சுக்கும் நம் மூளையால் தர முடியும்.

காது பழக எவ்வளவு நேரம் ஆகும்?

நினைப்பதைவிடக் குறைவு. அமெரிக்காவில் கிளார்க், காரெட் ஆகியோர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானிய, சீனச் சாயல் உள்ள ஆங்கிலத்தைக் கேட்டவர்கள் முதலில் கொஞ்சம் மெதுவாகத்தான் புரிந்துகொண்டனர். ஆனால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே அந்தத் தாமதம் பெருமளவு குறைந்துவிட்டது. சில வாக்கியங்கள் கேட்டதே போதுமானதாக இருந்தது.

2008-ல் பிராட்லோ, பென்ட் ஆகியோரின் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. ஒரே சாயலில் பேசும் பலரைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, அதே சாயலில் பேசும் புதிய ஒருவரின் பேச்சும் எளிதாகப் புரிந்தது. ஒரே ஒருவரைக் கேட்டுப் பழகினால் அவர் பேச்சுதான் பழகும், பலரைக் கேட்டால் அந்தச் சாயலே பழகிவிடும். தினமும் வடமாநிலத் தொழிலாளர்களோடு வேலை பார்க்கும் மேஸ்திரிக்குச் சட்டென்று புரிவது, புதிதாக வருபவருக்குப் புரியாமல் போவது இதனால்தான்.

சத்தம் இருந்தால் கதை வேறு. பஸ் ஸ்டாண்டு இரைச்சலில், பழகாத உச்சரிப்பைப் புரிந்துகொள்வது இன்னும் கடினமாகும். காது மந்தமான பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

உச்சரிப்பு சரியில்லை என்றால் பேச்சு புரியாதா?

இந்த இரண்டையும் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். கனடாவில் முன்ரோ, டெர்விங் ஆகிய ஆய்வாளர்கள் 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. சீனர்கள் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதும்படி கேட்பவர்களிடம் சொன்னார்கள். 'உச்சரிப்பு ரொம்ப வித்தியாசம்' என்று மதிப்பிட்ட பேச்சைக்கூடப் பல நேரம் ஒரு சொல் விடாமல் சரியாக எழுதியிருந்தனர். உச்சரிப்பு வேறாக இருப்பது ஒன்று, புரிய சிரமமாக இருப்பது இன்னொன்று, உண்மையிலேயே புரியாமல் போவது மூன்றாவது.

முகத்தைப் பார்த்துக் காது மாறுமா?

மாறும். டொனால்டு ரூபின் 1992-ல் அமெரிக்க மாணவர்களுக்கு ஒரே பெண்ணின் பதிவு செய்த பாடத்தைப் போட்டுக் காட்டினார். ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர் அவர். ஒரு பிரிவினருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படமும், இன்னொரு பிரிவினருக்கு ஆசியப் பெண்ணின் படமும் காட்டப்பட்டன. குரல் ஒன்றுதான். ஆனால் ஆசியப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, இல்லாத அயல் உச்சரிப்பு கேட்டது. பாடம் புரிந்த அளவும் குறைந்தது.

நம்பிக்கையும் இதில் அடிபடுகிறது. லெவ்-ஆரி, கெய்சார் ஆகியோரின் 2010 ஆய்வில், ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் இல்லாமல் அதிக நாள் தாங்கும் என்பது போன்ற பொதுத் தகவல்களைச் சிலர் வாசித்தனர். எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிக்கிறார்கள் என்று முன்பே சொல்லியும், அயல் உச்சரிப்பில் வந்த தகவலைக் கேட்டவர்கள் குறைவாகவே நம்பினார்கள். சிரமப்பட்டுக் கேட்க வேண்டியிருப்பதை, மூளை 'இது உண்மையாக இருக்காது' என்று தப்பாக எடுத்துக்கொள்கிறது. கூலி பாக்கி என்று ஒரு தொழிலாளர் திக்கித் திக்கிப் புகார் சொல்லும்போது, இந்தத் தடை அவரது நியாயத்தையே பாதிக்கலாம்.

நெல்லைக்கு இது புதிதா?

இல்லை. அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்து, பல பத்தாண்டுகள் மக்களோடு தமிழில் பேசி வாழ்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அவர் 1856-ல் வெளியிட்டார். தாமிரபரணிக் கரையில் வீரவநல்லூரில் இன்றும் வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் நெல்லைத் தமிழ் என்று பேசும் குடும்பங்கள் உண்டு. டவுணின் அடையாளமான இருட்டுக்கடை அல்வாவே வடக்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் கைப்பக்குவம்தான்.

நெல்லைக்காரர்களும் சென்னைக்குப் போனால் இதே பார்வையைச் சந்திக்கிறார்கள். "சொல்லுதேன்", "அண்ணாச்சி வந்தாவ" என்றால் திரும்பிப் பார்க்கிறார்கள். பாசமாகச் சொல்லும் 'ஏல' மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. தமிழ் தெரிந்தவருக்கே இந்த நிலை என்றால், புதிதாகக் கற்றவருக்கு எப்படி இருக்கும்?

எங்கே உஷாராக இருக்க வேண்டும்?

மருந்து விஷயத்தில். "நாளைக்கு ரெண்டு மாத்திரை" என்றால் ஒரு நாளுக்கு 2. "ரெண்டு நாளைக்கு மாத்திரை" என்றால் 2 நாளுக்கு. சொற்கள் அதேதான், வரிசைதான் மாறுகிறது. 'நாளைக்கு' என்றால் மறுநாள் என்று மட்டும் கற்றவர், முதல் வாக்கியத்தை 'நாளை 2 மாத்திரை சாப்பிட வேண்டும்' என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, தலையாட்டல். புரியாவிட்டாலும் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிடுவது புதிய மொழியில் பேசும் எவருக்கும் இயல்பு. அதைப் புரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

* முதல் ஒரு நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள். காது பழக அந்த நேரம் தேவை.
* கத்திப் பேசுவதால் பயன் இல்லை. கொஞ்சம் மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள்.
* "நீ போ, நீ சாப்பிடு" என்று உடைந்த தமிழில் பேச வேண்டாம். "நீங்க" என்றே பேசலாம். முழு வாக்கியமாகக் கேட்டால்தான் அவர்களும் சரியான தமிழைக் கற்க முடியும்.
* "புரிஞ்சுதா?" என்று கேட்பதைவிட, "எப்போ, எத்தனை சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.
* மாத்திரை அளவு, கூலி, தேதி, போன் நம்பர் எல்லாவற்றையும் எண்ணில் எழுதிக் காட்டுங்கள்.
* போனில் குரலை எழுத்தாக்கும் வசதியை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 5 நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்த 2020 ஆய்வில், வெள்ளையர் பேச்சில் 100 சொற்களுக்குச் சராசரியாக 19 தவறுகள் வந்தன. கறுப்பினத்தவர் பேச்சில் அது 35. இயந்திரமும் பழகிய பேச்சைத்தான் நன்றாகக் கேட்கிறது.
* சிகிச்சைக்கு ஒப்புதல், போலீஸ் வாக்குமூலம் போன்றவற்றுக்கு இரு மொழியும் நன்றாகத் தெரிந்தவரை வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில், குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தெரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால் அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

வேற்றுமொழிக்காரர் தமிழைச் சரியாகப் பேசப் பல வருடங்கள் ஆகலாம். அவர் பேசும் தமிழுக்கு நம் காது பழக, பல நேரங்களில் சில நிமிடங்களே போதும்.